கிட்டங்கிக் கல்லூரியின் தலையில் தண்ணீர்

எங்கள் கல்லூரியின் முன்கட்டைக் கெடுத்தவர் நிர்வாகக் குழுச் செயலாளராகிய நீங்கள்தான். மழையின் மேல் பழி போட வேண்டாம், கட்டடத்தின் வயதின் மேலும் போட வேண்டாம். சுண்ணாம்புத் தளத்தின் விளிம்பில் தண்ணீர்த் தொட்டிகளைத் தூக்கி வைத்தீர்கள். அவற்றில் உங்கள் அப்பா பெயரைத் தெருவைப் பார்த்து எழுதினீர்கள். பல வருஷம் தண்ணீர் வழிந்து தளத்துக்குள் இறங்கியதைப் பார்த்துக்கொண்டே போனீர்கள், வந்தீர்கள். இப்போது கட்டடம் ஆபத்து என்று கயிறு கட்டியிருக்கிறீர்கள்.

எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. சங்கரன்கோவிலில் அந்தக் கல்லூரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அதே கல்லூரியில் படித்தவள். கடையில் உட்கார்ந்தால் முன்கட்டு முழுதாகத் தெரியும். ஆனால் கயிறு கட்டிய நாளிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை. ஒரு தாள் உள்ளே போய் வெளியே வருவதற்குள் இரண்டு முறை வாசலுக்குப் போய்ப் பார்க்கிறேன். பிள்ளைகள் முன்னும் பின்னும் எடுக்கச் சொன்னால் ஒரு பக்கம் மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டுத் திட்டு வாங்குகிறேன். என் வீட்டுக்காரர், "நீ வீட்டுக்குப் போ, நான் பாத்துக்கிடுதேன்" என்கிறார். வீட்டுக்குப் போனால் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறுபடி கடைக்கே வந்து நிற்கிறேன்.

காரணம் என் அண்ணன் மகள். குருவிகுளம் பக்கத்துக் கிராமம். வானம் பார்த்த பூமி, ஆடு, கொஞ்சம் பருத்தி, அவ்வளவுதான் அண்ணன் குடும்பத்துக்கு. அவள் எங்கள் கல்லூரியில் இரண்டாம் வருஷம் கணிதம் படிக்கிறாள். முன்கட்டை இடித்தால் கல்லூரி ஊரைவிட்டு வெளியே போகும். கல்லூரி வெளியே போனால் அண்ணன் அவளை நிறுத்திவிடுவார். விஷயம் இவ்வளவுதான். மீதி எல்லாம் இது எப்படி வந்தது என்று ஊருக்கும் தெரியட்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

அந்த இடத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அது கல்லூரிக்கென்று கட்டியதில்லை. முதலில் அது கிட்டங்கி, அதாவது பஞ்சையும் வத்தலையும் மூடை மூடையாக அடைத்து வைக்கிற கூடம். நீளநீளமாக மூன்று கூடங்கள், நடுவே மாட்டு வண்டி திரும்புகிற அகலத்தில் சந்து. சுவர், சன்னல் மாடத்தில் ஓர் ஆள் காலை மடக்கி உட்காரலாம், அத்தனை தடிமன். அந்தச் சன்னலும் தலைக்கு மேலே. மூடை அடுக்கினால் மறைக்கக் கூடாது, வெளியிலிருந்து கை விட்டுத் திருடவும் கூடாது என்று உயரத்தில் வைத்திருக்கிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்தால் வானம் மட்டும் தெரியும். பாடம் நடத்துகிறவர்களுக்கு அது வசதியாக இருந்தது. மழைத் தண்ணீர் உள்ளே வந்தாலும் நிற்காமல் ஓட வேண்டும் என்பதற்காகத் தரையை வாசலை நோக்கிச் சரித்துக் கட்டியிருந்தார்கள். கிழக்குக் கூடத்தில் கடைசி பெஞ்சில் பேனாவைக் கீழே போட்டால் வாசலில் போய்த்தான் எடுக்க வேண்டும்.

சந்தைக்கு வந்த ஒவ்வொரு மூடையிலும், ஒவ்வொரு பஞ்சுப் பொதியிலும் மகமை என்று ஒரு சிறு பங்கைப் பொதுக் காரியத்துக்கு ஒதுக்கி வைப்பது அந்தக் கால வியாபாரிகள் வழக்கம். நெசவாளிகள் சேலைக் கணக்கில் கொடுத்தார்கள். அந்த மகமையில்தான் கிட்டங்கி பள்ளிக்கூடமாகி, பிறகு கல்லூரியானது. முன்கட்டைக் கட்டியதும் அதே மகமையில். உருண்டைத் தூண்கள், வளைவுகள், அகலமான வராந்தா, மேலே ஏற மரப்படி, மாடியில் பெரிய கூடம். மாடிக்குத் தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் போட்டு, அதன் மேல் செங்கலைச் செங்குத்தாக நிறுத்தி அடுக்கி, சுண்ணாம்பு இடித்துப் போட்ட தளம். சித்திரை வெயிலிலும் அந்தக் கூடம் குளிர்ந்து கிடக்கும். உச்சியில் கடிகாரத்துக்கு ஒரு சின்னக் கோபுரம். கடிகாரம் மட்டும் வரவே இல்லை. அதில் யார் பெயரைப் போடுவது என்று இரண்டு பெரிய வியாபாரிகளுக்குள் தகராறு வந்து, இரண்டு பேருமே வாங்கித் தரவில்லை என்று சொல்வார்கள். இன்றைக்கும் அந்த வட்ட ஓட்டையில் புறாதான் குடியிருக்கிறது.

தூணுக்குத் தூண் கண் மட்டத்தில் ஒரு கல், அதில் கொடுத்தவர் பெயர். மூடை சுமந்தவர்கள் கூலியிலும் மகமை பிடித்தார்கள். என் அப்பாவைப் பெற்றவர் அந்தச் சந்தையில் முதுகு தேய மூடை சுமந்தவர். அவருக்கு எந்தத் தூணும் இல்லை. இதைச் சொல்லும்போது சிலர், "பெருமைப்படணும்மா, உங்க ரத்தமும் இதுல இருக்கு" என்பார்கள். எனக்குப் பெருமை வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தக் கட்டடத்தின் மேல் பாசமே கிடையாது. பெண்களைச் சேர்த்தது பிற்பாடுதான். சேர்த்த பிறகும் மரப்படியில் ஏற விடவில்லை. அது பையன்களுக்கு. எங்களுக்குப் பின்பக்கம் இரும்பில் ஒரு சுருள்படியை வைத்துக் கொடுத்தார்கள். தாவணியை ஒரு கையில், புத்தகத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். பிடிமானத்துக்கு மூன்றாவது கை இல்லை. எங்களுக்கு ஒதுக்கிய அறை பழைய எடைக்கூடம். அதற்குச் சன்னலே கிடையாது. விட்டத்தில் தராசு தொங்கவிட்ட இரும்புக் கொக்கி இருந்தது. எறும்புக்குப் பயந்து சாப்பாட்டுத் தூக்குகளை எல்லாம் ஒரே கயிற்றில் கோத்து அந்தக் கொக்கியில் இழுத்துக் கட்டுவோம். ஒருத்திக்குப் பசித்தால் எல்லாத் தூக்கும் இறங்கும். அந்த அறையில் வேர்த்து வழிந்துகொண்டு, இதை யாராவது இடித்துத் தொலைக்க மாட்டார்களா என்று நானே சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அது பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது. இறங்கி நடந்தால் வாசல். ராயகிரிப் பக்கமிருந்து வருகிறவளும் கடையநல்லூர்க்காரியும் கரிசல்காட்டுப் பெண்ணும் அதனால்தான் படிக்க வந்தார்கள். வழியில் பூக்கடைக்காரர், பிரியாணிக் கடை வாசலில் நிற்கிறவர், நூல் கடைக் கணக்குப்பிள்ளை என்று எல்லோரும் நம்மைத் தெரிந்து வைத்திருப்பார்கள். ஒரு நாள் தாமதமாக நடந்தால், "என்ன தாயி, இன்னைக்குப் பஸ் லேட்டா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்காது. ஆனால் அத்தனை கண் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் அப்பாக்கள் அனுப்பினார்கள். பெண் படிப்பது முக்கியம் என்று புரிந்து அனுப்பியவர் ரொம்பக் கொஞ்சம். என் அப்பாவும் அந்தக் கொஞ்சத்தில் இல்லை.

இப்போது தொட்டிக் கதை.

எங்கள் ஊரில் யார் எதைக் கொடுத்தாலும் அதில் உபயம் என்று பெயர் எழுத வேண்டும். கல்லூரி மின்விசிறி இறக்கையில் பெயர் எழுதிக் கொடுத்த ஒருவர், வரும்போதெல்லாம் விசிறியை நிறுத்தச் சொல்லி, பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். கல்லூரியில் ஒரு விழா எடுத்தபோது செயலாளர் தன் அப்பா நினைவாகப் பெரிய கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிகளைக் கொடுத்தார். நல்ல காரியம், குடிக்கத் தண்ணீர் இல்லாமல் கிடந்த இடம். தொட்டி லாரியில் வந்து இறங்கியபோது நான் அழைப்பிதழ்ப் பிரதிகளோடு முற்றத்தில் நின்றேன். அப்போதிருந்த முதல்வர், "பின்கட்டுக்கு மேல வச்சிருவோம். அது கான்கிரீட்டு, தாங்கும். குழாயும் கிட்டக்க இருக்கு" என்றார்.

செயலாளர் சிரித்தார். "பின்னாடி வச்சா காக்காதான் படிக்கும். ஆடித் தபசுத் திருநாளுக்கு வார கூட்டம் பூரா இந்த ரோட்டுலதான் நடக்கும். முன்னாடியே ஏத்துங்க."

"சார்வாள், அது சுண்ணாம்புத் தளம்" என்றார் முதல்வர்.

"அந்தக் காலத்துக் கட்டடம் சார். யானை ஏறுனாலும் தாங்கும்."

ஏற்றினார்கள். தெரு ஓரமாக, கைப்பிடிச் சுவரை ஒட்டி. எழுத்து நன்றாகத்தான் தெரிந்தது, தெருமுனையிலிருந்தே படிக்கலாம்.

பிறகு மோட்டாரைப் போட்டுவிட்டு நிறுத்த மறந்தார்கள். மறந்தார்கள் என்றால் ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. வராந்தாவின் தெற்கு மூலையில் தண்ணீர் கொட்டாத நாள் குறைவு. பையன்கள் அந்த மூலைக்குக் குட்டிக் குற்றாலம் என்று பேர் வைத்தார்கள். "ஏலே, இன்னைக்கு அருவியில தண்ணி எப்படி? குளிக்க விடுதாவளா?" என்று எங்கள் கடையில் நின்று கேட்டுக்கொள்வார்கள். நானும் சிரித்திருக்கிறேன். சுவரில் பச்சை படர்ந்தது. அதன் மேல் பெயிண்டு அடித்தார்கள். பெயிண்டு உப்பியதும் அதற்கு மேல் டைல்ஸ் ஒட்டினார்கள்.

போன பருவத்தில் ஒரு நாள் முற்பகல், மாடிக் கூடத்தின் அந்த மூலையில் விட்டத்துப் பூச்சு பாளமாக விழுந்தது. அதற்குக் கீழே இருந்த பெஞ்சில் யாரும் இல்லை. என் மருமகள், அந்த அண்ணன் மகள்தான், அடுத்த வரிசையில் இருந்தாள். தலையெல்லாம் சுண்ணாம்பாகக் கடைக்கு ஓடி வந்தாள். கையைக் காலைத் தடவிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. "அத்த, நல்லாத்தான் இருக்கேன், வுடு" என்றாள். துண்டை எடுத்து அவள் தலையைத் தட்டிவிட்டேன்.

ஒரு வாரத்தில் ஒரு எஞ்சினியரைக் கூட்டி வந்தார்கள். அவர் வராந்தாவில் நின்று அண்ணாந்து பார்த்தார். போனில் படம் எடுத்தார். காப்பி குடித்தார். கட்டடம் ஆபத்து என்று சொல்லிவிட்டுப் போனார்.

"மேல ஏறுனாரா?" என்று மருமகளிடம் கேட்டேன்.

"எங்க ஏற? புது ஷூ அத்த. பாசியில வழுக்கிருமுல்லா."

அடுத்து வகுப்பு வகுப்பாக வந்து அறிவித்தார்கள். முன்கட்டை இடிக்கப் போகிறோம். முன்கட்டு இல்லாமல் கிட்டங்கிக் கூடங்களில் இடம் போதாது. ஆகவே வரும் கல்வியாண்டில் கல்லூரி மொத்தமாக பைபாஸுக்கு அந்தப்புறம் புது வளாகத்துக்குப் போகும். ஊருக்குள் இருக்கிற இந்த இடத்தில் கடைகள் வரும். அன்றைக்கே முன்கட்டின் முன்பக்கம் கயிறு கட்டி, அபாயம் என்று போர்டும் மாட்டினார்கள்.

அந்த வாரம் ஊர்ப் பஸ்ஸில் என் அண்ணன் வந்தார். கடைக்குள் வந்ததும் உட்காராமல் கல்லூரியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஏட்டி, அவ இந்தப் பரீச்சைய எழுதட்டும். பெறவு வீட்டுல இருக்கட்டும்."

"இன்னும் ஒரு வருசந்தான அண்ணே."

"அந்த பைபாஸ் பொட்டல்ல எறங்கி நடந்து போவாளா? நீ இங்கன கண்ணு முன்னால இருக்கேன்னுதான் அனுப்புனேன். அங்கன யாரு இருக்கா?"

"காலேஜ் பஸ் விடுதோம்னு சொல்லுதாவ."

"நம்ம ஊருக்கு கவர்மென்ட் பஸ்ஸே நெனச்சாத்தான் வருது. காலேஜ் பஸ் வந்து எம்மவளுக்கு ஆரன் அடிக்கப் போவுதாக்கும்."

மருமகள் உள்ளே உட்கார்ந்து தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். "நான் சைக்கிள்ல போறேன்ப்பா" என்றாள்.

"நீ வாய மூடு."

"வாய மூடுனா பைபாஸ் கிட்ட வந்துருமா?"

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத மனிதர், மகள் போடுகிற கணக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் வீட்டில் சும்மா இருக்கிற பெண்ணுக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். திருப்பூரில் வேலை பார்க்கிற ஒரு பையனுக்காக ஏற்கெனவே கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். படிக்கிறாள் என்ற ஒரு சொல்லை வைத்துத்தான் அண்ணி இதுவரை தள்ளிக்கொண்டு வந்தாள். அந்தச் சொல் போனால் அண்ணியிடம் வேறு சொல் இல்லை.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடையநல்லூரில் இருக்கிற என் சிநேகிதிக்குப் போன் போட்டேன். என்னோடு இயற்பியல் படித்தவள். புருஷன் துபாயில். புருஷன் வீடு, இரண்டு தம்பிமார் வீடு, கொழுந்தன் வீடு என்று அத்தனையும் இவள் நின்று கட்டியது. ஆண்கள் அங்கிருந்து வீடியோவில் டைல்ஸ் நிறம் மட்டும் சொல்வார்கள். கம்பி, சிமெண்டு, கொத்தனாரிடம் சண்டை எல்லாம் இவள் பாடு. மறுநாளே வந்து நின்றாள்.

"என்னட்டி, எளைச்சுப் போயிட்ட? ஜெராக்ஸுல உன்னையும் சேத்து எடுத்துட்டாவளா?"

"பேசாம வா. மேல ஏறணும்."

முன்பக்கத்து மரப்படிக்குத்தான் கயிறு கட்டியிருந்தார்கள். பெண்களின் சுருள்படியை யாரும் நினைக்கவில்லை. ஏறினோம். பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். "அன்னைக்குத் தாவணி தடுக்குச்சு. இன்னைக்கு முட்டி தடுக்குது" என்றாள்.

மாடிக் கூடத்திலிருந்து ஒரு சின்னப் படி தளத்துக்குப் போகும். மேலே போனதும் அவள் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தாள். சாவியை எடுத்துத் தளத்தில் பதித்த ஓடுகளுக்கு இடையில் சுரண்டினாள். தளத்தின் பெரும்பகுதி காய்ந்து வறட்டி மாதிரி இருந்தது. தொட்டிகளுக்குக் கீழே மட்டும் கால் வைத்தால் சொதசொதவென்று இருந்தது. ஓடுகளுக்கு நடுவே அரசஞ்செடி முளைத்து இடுப்பளவு நின்றது. பெயர் எழுதிய பக்கம் தெருவைப் பார்த்து இருந்தது, எங்களுக்குத் தெரிந்தது கறுப்பு முதுகுதான்.

பிறகு கூடத்துக்கு இறங்கி, பூச்சு விழுந்த மூலையில் டார்ச் அடித்துப் பார்த்தாள். தேக்குக் கட்டைகளில் இரண்டு மூன்றின் முனை கரி மாதிரி கறுத்திருந்தது. மற்றக் கட்டைகள் அப்படியே இருந்தன.

"சொல்லு" என்றேன்.

"சும்மா நல்லாருக்குன்னு நான் சொல்லமாட்டேன். இந்த மூலைக் கட்டை போச்சு. முட்டுக் குடுத்து மாத்தணும். பிள்ளையள இதுக்குக் கீழ உக்கார வைக்கக் கூடாது. ஆனா அங்கன இருந்து அந்தக் கடைசி வரைக்கும் ஒண்ணும் ஆவல. முதல்ல தொட்டிய எறக்கணும். தலையில அம்மிய வச்சிக்கிட்டுத் தலைவலின்னா எந்த டாக்டர் என்ன செய்வான்?"

அவள் பேசி முடிக்கவில்லை, கீழே மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தொட்டி நிறைந்து வழிந்தது. எங்கள் கண் முன்னால் அந்த மூலையில் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. சன்னலில் எட்டிப் பார்த்தால், வழிந்த தண்ணீர் கீழே மாட்டியிருந்த அபாயம் போர்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

"யா அல்லா" என்றாள் அவள். "ஆபத்துன்னு போர்டும் போட்டுட்டு, தண்ணியும் ஏத்துதாவளே. இவனுவள வச்சு ஒரு கக்கூஸ் கட்ட முடியுமா?"

அன்றைக்குச் சாயங்காலமே நான் செயலாளரின் நூல் கடைக்குப் போனேன். உட்காரச் சொன்னார், காப்பி சொன்னார். மரியாதையான மனிதர், அதில் குறை சொல்ல முடியாது. நான் நின்றுகொண்டே, மேலே பார்த்ததை எல்லாம் சொன்னேன்.

"தொட்டிய எறக்கிப் பின்கட்டு மேல வைங்க அண்ணாச்சி. கெட்டுப் போன கட்டைய மாத்துனா கட்டடம் நிக்கும்."

அவர் நூல் கட்டு ஒன்றை எடுத்து இந்தக் கையிலும் அந்தக் கையிலும் மாற்றிக்கொண்டிருந்தார். "அது எங்கப்பா பேரும்மா."

"பேரோட சேத்துத்தான பின்னால வைக்கச் சொல்லுதேன்."

"ஏத்துன பேரை எறக்குனா ஊரு என்ன சொல்லும்? ஏதோ தப்பு நடந்திருக்கு, அதான் பேரை எடுத்துட்டாவன்னு சொல்லும். கோயில்ல உபயம் வெட்டுன கல்லை யாராவது பேத்து வேற எடத்துல வைப்பாவளா?"

"கட்டடத்த இடிச்சா மட்டும் பேரு நிக்குமா?"

"அது வேற. கட்டடமே போச்சுன்னா பேரை எறக்குனதா ஆவாது. புதுக் கட்டடத்துல இதவிடப் பெருசா வச்சிக்கிடலாம்."

அவர் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. கண்ணில் ஈரம் இருந்தது. ஒரு பெயரைக் கீழே இறக்க மனமில்லாமல் ஒரு கல்லூரியை இறக்குகிறார். அதை என்னிடம் நியாயமாகவும் சொல்கிறார்.

நான் என் கடைக்காகத்தான் வந்திருக்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். "முன்னாடி காம்ப்ளெக்ஸ் வருதுல்லா. மொதக் கடை உனக்குத்தான். நான் சொல்லிட்டேன்."

"காலேஜ் இல்லாத எடத்துல யாருக்கு ஜெராக்ஸ் எடுக்க அண்ணாச்சி?"

"ஆதாருக்கு எடுப்பாவம்மா. சனம் எங்க போவப் போவுது?"

"பிள்ளையள் எங்க போவும்?"

"படிக்கிற பிள்ள எங்க இருந்தாலும் படிக்கும்."

அவருடைய பெண்கள் சென்னையில் விடுதியில் தங்கிப் படித்தவர்கள். பஸ்ஸில் இறங்கி நடக்க வேண்டிய பெண்களைப் பற்றி அவருக்குத் தெரியாது. காப்பி வந்தது. குடிக்காமல் வந்துவிட்டேன்.

இதை ஊரில் சொன்னால் கொதிப்பார்கள் என்று நினைத்தேன். பூக்கடைக்காரர் கேட்டுவிட்டு, "அதுவும் சரிதான தாயி, பெத்த தகப்பன் பேரை எப்படி எறக்குவாரு?" என்றார். டீக்கடையில் அதையே சொன்னார்கள். ராத்திரி சாப்பிடும்போது என் வீட்டுக்காரரும், "எங்கப்பா பேருன்னா நானும் யோசிப்பேன்லா" என்றார். தட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். செயலாளர் ஒருவர் மட்டும் இப்படி நினைத்தால் சண்டை போட்டுவிடலாம். ஊரே இப்படி நினைத்தால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

மறுநாள் கடையைத் திறக்காமல் வளாகத்தைச் சுற்றினேன். கிட்டங்கிக் கூடங்கள், பழைய எடைக்கூடம், பின்கட்டு என்று போய்த் திரும்பி, கயிற்றைத் தாண்டி வராந்தாவுக்குள் நின்றேன். காவல்காரர், "எம்மா, வெளிய வாங்க, எனக்குத்தான் ஏச்சு விழும்" என்று கத்தினார். தூண்களைப் பார்த்தேன். படித்த காலம் முழுக்க அந்தத் தூண்களில் சாய்ந்து நின்றிருக்கிறேன். அந்தப் பெயர்களில் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. அன்றைக்கு ஒவ்வொன்றாகப் படித்தேன். யார் அவர்கள், எங்கே அவர்கள் வீடு, ஒன்றும் தெரியவில்லை. அத்தனை பேரும் கொடுத்ததில் இன்றைக்கும் வேலை செய்வது நிழலும் குளிர்ச்சியும் மட்டும்தான். அதில் நின்றுதான் நாங்கள் பரீட்சைக்குப் படித்தோம். உங்கள் அப்பா பெயரும் இன்னும் கொஞ்ச காலத்தில் அப்படித்தான் ஆகும் செயலாளரே. அவர் கொடுத்த தண்ணீரைப் பிள்ளைகள் குடித்தார்கள், அது போதாதா?

இப்போது கல்லூரியில் பெற்றோர் கூட்டம் போட்டிருக்கிறார்கள். புது வளாகத்தைப் பற்றிச் செயலாளர் மேடையில் பேசுவார் என்று சொல்கிறார்கள். நான் முதல்வரிடம் போய், கேள்வி கேட்க எனக்கு மைக் வேண்டும் என்றேன். இப்போதிருக்கிற முதல்வர் நல்ல மாதிரி, ஆனால் பயந்தவர். "கேள்வி இருந்தா ஆபீஸ்ல வந்து சொல்லுங்கம்மா" என்றார். அன்று மாலை செயலாளரே என் கடைக்கு வந்தார். "நமக்குள்ள பேசிக்கிடுவோம். மைக்குல எதுக்கு?" என்றார். என் கடைக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. மருமகள் அவருக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவள் யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். நமக்குள் பேச ஒன்றும் இல்லை. மூடை மூடையாக ஊர் பிரித்துக் கொடுத்துக் கட்டிய இடத்தைப் பற்றி என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து நீங்களும் நானும் பேசி முடிக்க முடியாது.

கூட்டத்தில் பதில் சொல்லுங்கள். தளத்தின் மேல் ஏறாத எஞ்சினியரின் வாயை நம்பி எப்படி இடிக்க முடிவு செய்தீர்கள்? மேலே ஏறிப் பார்க்கிற வேறு ஒருவரை, பெற்றோர்கள் பார்க்க, ஏன் கூப்பிடவில்லை? ஆபத்து என்று சொன்ன பிறகும் அந்தத் தளத்தில் இன்றுவரை தண்ணீர் ஏற்றச் சொல்வது யார்? குருவிகுளத்துக்கும் ராயகிரிக்கும் அந்தப் பக்கம் இருக்கிற கிராமங்களுக்குக் கல்லூரிப் பஸ் உண்டா, இல்லையா? இல்லை என்றால் எத்தனை பெண்கள் நின்றுபோவார்கள் என்று உங்கள் குழுவில் ஒருவராவது கேட்டாரா?

என் அண்ணன் அன்றைக்கு ஆடுகளை அடுத்தவர் பொறுப்பில் விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் வருவார். அவரை முன்வரிசையில் உட்கார வைப்பேன், மகள் பக்கத்தில் இருப்பாள். தொட்டியை இறக்குவதைவிட இந்தப் பெண்ணை நிறுத்துவது உங்களுக்கு ஏன் சுலபமாக இருக்கிறது என்று மைக்கைக் கையில் பிடித்து, அவர் முகத்தைப் பார்த்து, ஊர் கேட்கச் சொல்லுங்கள்.